அட்டை வரைய வரும் பிள்ளைக்கு முதலில் புத்தகத்தைக் கொடுங்கள்

யாழ்ப்பாணத்தில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று எல்லாம் ஒழுங்கு பிசகாமல் நடைபெறுகின்றன. நன்றியுரையில் மண்டபம் தந்தவர், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் பரிமாறியவர் வரை அனைவரும் நினைவுகூரப்படுகின்றனர். அந்நூலின் அட்டையை ஆக்கியவரின் பெயர் மட்டும் அநேகமாக வருவதில்லை. மறதியால் விடப்பட்டதென்று நினைக்க வேண்டா. பல நூல்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதேயில்லை. இணையத்திலிருந்து எடுத்த படம் ஒன்று, அதன் மேல் தலைப்பு, பின்புறம் ஆசிரியரின் புகைப்படம். அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்த தம்பி அரைமணி நேரத்தில் செய்து கொடுத்துவிட்டார். விடயம் முடிந்தது.

அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல இதனை எழுதவில்லை. அவருக்கு அந்தப் புத்தகத்தை ஒருவரும் வாசிக்கக் கொடுக்கவில்லை. வாசித்துப் பார்த்து வரையும்படி ஒருவரும் கேட்கவில்லை. அவர் படித்த வகுப்பில் அப்படியொரு வேலை உலகத்தில் உண்டு என்றுகூடச் சொல்லித் தரப்படவில்லை. குற்றம் எழுதுவோர், பதிப்போர், கற்பிப்போர் ஆகிய மூத்தவர்களுடையது. வரையத் தெரிந்த இளைஞர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கணினிகளுக்கும் பஞ்சமில்லை. நூலட்டை ஆக்குவதை ஒரு கலையாகவும் தொழிலாகவும் முறையாகக் கற்பிக்கும் அக்கறைக்குத்தான் பஞ்சம். கற்பிப்பதாக விளம்பரம் செய்யும் இடங்களில் கற்பிக்கப்படுவது மென்பொருள். இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொண்டிருப்பதே இன்றைய சீரழிவின் வேர் என்பது என் கட்சி.

அண்மைக் காலத்தில் என் மேசைக்கு வந்த நூல்களை அட்டையை வைத்து அடுக்கிப் பார்த்தேன். மூன்று வகை தேறியது. முதலாவது, அந்தி வானமும் ஒற்றை மரமும் முதுகு காட்டி நிற்கும் பெண்ணும். கவிதைத் தொகுதி என்றால் இது கட்டாயம். அந்தப் பெண் எந்த நாட்டவள், அந்த மரம் எந்த மண்ணில் நின்றது என்பது படத்தை எடுத்து ஒட்டியவருக்கே தெரியாது. இரண்டாவது, ஆசிரியரின் திருமுகமே முன்னட்டையாக அமைவது. மூன்றாவது, கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கும் செயற்கை நுண்ணறிவுப் படம். இடப்பெயர்வு பற்றிய சிறுகதைத் தொகுதி ஒன்றைப் பார்த்தேன். பனங்கூடல் என்று அட்டையில் வரையப்பட்டிருந்த மரங்களுக்குத் தென்னோலை முளைத்திருந்தது. கிடுகு வேலி இருக்க வேண்டிய இடத்தில் மேல்நாட்டுப் பண்ணைகளில் காணும் மரச்சட்ட வேலி. மூட்டையோடு நடந்து போகும் தாயின் கையில் ஆறு விரல்கள். உள்ளே இருந்த கதைகளோ நல்ல கதைகள். தன் ஊரை அங்குலம் அங்குலமாக நினைவில் வைத்திருந்து எழுதியவரின் கதைகள். பனை எது, தென்னை எது என்று தெரியாத அட்டையை அணிந்துகொண்டு அவை உலகத்துக்குப் போய்விட்டன.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. அச்சுத்தொழில் இந்தக் குடாநாட்டுக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் அச்சுக்கூடம் நிறுவியது 1834 இல். 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது 1841 இல். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை ஏற்படுத்தியது 1849 இல். அந்நாளைய நூல்களுக்கு ஓவிய அட்டை கிடையாது. முகப்புத்தாளில் எழுத்தும் கோடும் பூவேலைக் கரையுமே இருந்தன. ஆயினும் நூலின் பெயர் எந்த அளவு எழுத்தில் நிற்க வேண்டும், அதற்குக் கீழ் எவ்வளவு வெளி விட வேண்டும் என்பதை அச்சுக்கோப்பாளர் அறிந்திருந்தார். அந்த அறிவு கையால் கைக்கு மாற்றப்பட்டது.

ஓவிய அட்டையின் நல்ல காலம் 1970களில் வந்தது. இந்தியச் சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் அரசு விதித்த இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்ப் பதிப்புக்கு வாய்ப்பாக அமைந்தது. கொழும்பில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. யாழ்ப்பாணத்துப் பதிப்பகங்களும் சுறுசுறுப்படைந்தன. நூல் பெருக ஓவியருக்கும் வேலை பெருகியது. ரமணியின் கையெழுத்து அட்டையின் மூலையில் இருப்பதைப் பார்த்தே புத்தகத்தைக் கையில் எடுத்த வாசகர்கள் இங்கே இருந்தனர். 'சிரித்திரன்' நடத்திய சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் சில கோடுகளில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதனை முழுதாக நிறுத்திக் காட்டினார். வேட்டியின் கட்டும் குடையைப் பிடிக்கும் விதமும் இந்த ஊருக்கே உரியவை. எங்கும் பார்த்து ஒற்றி எடுக்க முடியாதவை.

அக்காலத்து ஓவியருக்கு இருந்த தடைகளை இன்றைய பிள்ளைகள் அறிதல் நன்று. படத்தை அச்சிடப் 'புளொக்' செய்விக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு புளொக். நிறம் கூடினால் செலவும் கூடும். ஆகவே இரண்டு நிறங்களுக்குள் சிந்திக்க ஓவியர் பழகினார். தாளின் வெள்ளையை மூன்றாவது நிறமாகக் கொண்டார். 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது அந்த வசதியும் போயிற்று. மின்சாரமில்லை, மை அரிது, தாள் அரிது. பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில்கூட அச்சாகின. அந்த ஆண்டுகளிலும் குடாநாட்டில் நூல்கள் வெளிவந்தன. ஒற்றை மையில் அச்சான எளிய அட்டைகளோடு வந்த அந்த நூல்களை இன்று எடுத்துப் பார்த்தாலும் எந்த ஊரில், எந்தக் காலத்தில் பிறந்தவை என்று அவை சொல்லும். பல வண்ணத்தில் மினுங்கும் இன்றைய அட்டை எதைச் சொல்கிறது?

அந்த ஓவியர்கள் எங்கே கற்றனர் என்று கேட்க வேண்டும். சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ்.ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை அமைத்தார். பாடசாலைக்கு வெளியே, பரீட்சை எதற்காகவும் அல்லாமல், வரைய விரும்பியோர் கூடிக் கற்ற இடம் அது. பின்னர் வந்தவர் அ. மாற்கு. ஆசிரியத் தொழிலுக்கு அப்பாலும் தம்மைத் தேடி வந்த இளைஞருக்குக் கற்பித்தார். தா. சனாதனன், நிலாந்தன் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். 1987 இல் அவரைப் பற்றித் 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் வந்தது. 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வரைதலோடு பார்த்தலும் வாசித்தலும் சேர்ந்ததே கல்வி என்ற மரபு இந்த ஊருக்கு அந்நியமானதன்று என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். கட்டடம், நிதி, திட்ட அறிக்கை எவையும் அதற்கு முன்நிபந்தனையாக இருக்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். நகரில் சந்திக்குச் சந்தி 'கிராபிக் டிசைன்' வகுப்புகள் இருக்கின்றன. சில மாதப் பாடநெறி, முடிவில் சான்றிதழ். பிள்ளை என்ன கற்று வருகிறது? போட்டோஷொப்பில் ஒரு படத்தின் பின்னணியை வெட்டி நீக்குவது, எழுத்துக்கு நிழல் விழுத்துவது, பிறந்தநாள் பதாகை செய்வது. இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை, வயிற்றுப்பாட்டுக்கு உதவும். ஆனால் உளியைப் பிடிக்கும் விதம் மட்டும் கற்றவரை எவரும் சிற்பி என்று அழைப்பதில்லை. பாடசாலையிலோ சித்திரம் ஓர் அழகியற் பாடம். புத்தக அட்டை வரைதல் எப்போதாவது ஒரு பயிற்சியாக வருவதுண்டு. 'எனது பூந்தோட்டம் என்ற நூலுக்கு அட்டை வரைக' என்பது போலத் தலைப்புத் தரப்படும். அப்படி ஒரு நூல் இல்லை. இல்லாத நூலுக்கு அட்டை வரையப் பழகிய பிள்ளை, இருக்கும் நூலுக்கும் அதை வாசிக்காமலே வரையும். இதில் வியப்பென்ன?

பல்கலைக்கழகத்தையும் விட்டுவிட முடியாது. மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயின்று இளைஞர்கள் பட்டம் பெற்று வருகின்றனர். திறமையானவர்கள். ஆனால் கண்காட்சிக்கு வரைவது உயர்ந்த காரியம், புத்தகத்துக்கு வரைவது கூலி வேலை என்ற எண்ணம் எங்கள் கலையுலகில் ஊறிப் போயிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சியும் இங்கிருந்தே வந்ததுதான். இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தளப்படங்களை வைத்துச் சனாதனன் ஆக்கிய 'முழுமைபெறாத தோம்பு' 2011 இல் ஆங்கிலத் தலைப்போடு வெளிவந்தது. புத்தகம் என்ற பொருளையே கலைப்படைப்பாகக் கொள்ளலாம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

புத்தகத்துக்கு வரைவதைக் கூலி வேலை என்போர் வங்காளத்தையும் ஒருகணம் பார்க்கட்டும். தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய 'சகஜ பாட்' என்ற அரிச்சுவடி 1930 இல் வந்தபோது அதற்கு லினோவில் படம் செதுக்கியவர் நந்தலால் போஸ். சாந்திநிகேதனில் அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1940களில் சிக்னெட் பதிப்பகத்துக்கு அட்டைகள் ஆக்கினார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் பணி அவருக்கு வந்தது. வரைவதற்காக வாசித்தார். வாசித்தபோது அது அவருக்குள் காட்சிகளாக விரிந்தது. 1955 இல் அது உலகம் போற்றும் திரைப்படமாயிற்று. ஒரு நூலுக்குப் படம் வரையும் வேலை, வாசித்துச் செய்யப்பட்டால், ஓர் இளைஞனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது போதும். தமிழகத்திலும் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்து, தலைப்பெழுத்தைக் கையால் எழுதி, தமிழ் எழுத்துக்கே புதிய முகம் தந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோடுகளில் கரிசல் மண் இருந்தது. 1974 இல் தொடங்கிய க்ரியா, நூலின் அட்டையும் எழுத்தும் தாளும் ஒரே சிந்தனையின் பகுதிகள் என்று தமிழ்ப் பதிப்புலகுக்குக் காட்டியது. தாமே பெரிய கலைஞர்களாக விளங்கியவர்கள் இவர்கள். எவரும் புத்தக வேலையைத் தாழ்வாகக் கருதவில்லை.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? குறை சொல்லிவிட்டு நழுவிக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை. என் மனத்தில் உள்ள பாடத்திட்டத்தைச் சொல்கிறேன்.

முதலாவது வாசிப்பு. வகுப்பின் முதல் மூன்று வாரம் கணினியைத் திறக்கவே கூடாது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைக் கையில் கொடுக்க வேண்டும். அதை வாசிக்காத பிள்ளை தலைப்பை மட்டும் பார்த்து ஒரு கடற்கரையும் சூரியனும் போடும். வாசித்த பிள்ளைக்கு அது நெடுந்தீவு என்று தெரியும். பருவகாலத்தில் அங்கு வந்து வாடி அடிக்கும் மீனவரின் வாழ்வு என்று தெரியும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, வாடியின் கூரை எதனால் வேயப்பட்டது, வலை எங்கே காய்கிறது என்று கேள்வி எழும். அந்தக் கேள்விகளிலிருந்துதான் அட்டை பிறக்கும். வாசித்து முடித்ததும் அந்நூலில் வரும் ஐந்து பொருள்களை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். உணர்ச்சிகளை எழுத வேண்டாம்; பொருள்களைத்தான் எழுத வேண்டும். 'சோகம்' என்று எழுதும் பிள்ளை அந்திவானத்தில் போய் முடியும். 'கிழிந்த வலை' என்று எழுதும் பிள்ளைக்கு வரைவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

இரண்டாவது, நேரில் பார்த்து வரைதல். பனையோலை விசிறி போல விரியும். தென்னோலை இறகு போல நீளும். ஈச்சு இரண்டுக்கும் வேறு. இதனைப் படம் பார்த்துக் கற்க முடியாது. வடலிக்குள் போய் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். துலாவையும் சங்கடப் படலையையும் கிடுகு வேலியையும் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எங்கள் புனைகதைகளோ அவற்றால் நிறைந்திருக்கின்றன. எஞ்சியிருப்பவற்றையாவது பென்சிலோடு போய்ப் பார்க்க வேண்டும். பழம்பெருமை மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏ-9 வீதிப் பேருந்தின் உட்புறமும் கைத்தொலைபேசிக் கடையின் கண்ணாடி அலுமாரியும் இன்றைய யாழ்ப்பாணந்தான். அவற்றையும் பார்த்து வரையட்டும்.

மூன்றாவது எழுத்து. அட்டையில் பாதி வேலை எழுத்தின் வேலை. தமிழ் எழுத்தில் வரிக்கு மேலே எழும் விசிறிகளும் கீழே இறங்கும் சுழிகளும் உண்டு. ஆங்கில எழுத்துக்கு விடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. குறுக்கி நீட்டினால் எழுத்தின் உடல் முறிகிறது. கண்ணைப் பறிக்கும் பின்னணியின் மேல் எழுத்தை வைத்தால் புள்ளி மறைகிறது. புள்ளி மறைந்தால் 'மண்' என்பது 'மண' ஆகிவிடுகிறது. பாமினியில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போதும், தமிழை ஒழுங்காகத் தாங்காத மென்பொருள் அமைப்பில் ஒட்டும்போதும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் அட்டைகளைக் கண்டிருக்கிறேன். பிழையைக் கண்டுபிடிக்க எழுத்தின் மேல் அன்பு வேண்டும். அதற்கு ஒரே வழி, மாணவர் தலைப்பைக் கையால் இருபது முறை எழுதிப் பார்ப்பது.

நான்காவது அச்சகக் கணக்கு. கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது; அச்சகம் நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. திரையில் பளிச்சிட்ட நீலம் தாளில் ஊதா சாய்ந்து வருவது இதனாலேயே. முதுகின் தடிப்பைக் கணக்கிடத் தெரிய வேண்டும். 200 பக்கம் என்றால் 100 தாள். 80 ஜீஎஸ்எம் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், ஆகவே முதுகு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். முன்னட்டை 14 சென்ரிமீற்றர், பின்னட்டை 14, முதுகு 1, ஆக 29 சென்ரிமீற்றர். வெட்டுக்கு நாற்புறமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். இதனைச் சொல்லித் தர ஒரு பிற்பகல் போதும். சொல்லித் தராததால் தலைப்பின் கடைசி எழுத்து முதுகில் போய் மடிந்து கிடக்கும் நூல்கள் எங்கள் வீட்டு அலுமாரிகளில் உள்ளன.

ஐந்தாவது சட்டமும் மரியாதையும். இணையத்தில் கிடப்பதெல்லாம் புறம்போக்குக் காணி என்று பிள்ளைகள் நம்புகின்றனர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஓவியனின் உரிமை அவன் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் செல்லும். படைத்தவன் என்ற முறையில் தன் பெயர் குறிக்கப்படுவதும் அவன் உரிமை. பிறர் படத்தைத் திருடாதே என்று பிள்ளைக்குக் கற்பிக்கும் அதே நாளில், உன் பெயரை நூலின் விபரப் பக்கத்தில் இடும்படி கேள் என்றும் கற்பிக்க வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'நாங்கள் அடிப்பது 300 பிரதி, மிஞ்சினால் 500. இதற்கு ஓவியர் எதற்கு?' என்பது பதிப்போரின் கேள்வி. தாள் விலை பற்றிய அவர்களது கவலை பொய்யன்று. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. ஆனால் 300 என்பது கைவேலைக்கு மிகப் பொருத்தமான தொகை என்பதை எவரும் யோசிப்பதில்லை. சென்னையின் தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் கையால் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சிட்டு 2006 இல் ஒரு நூல் வெளியிட்டது. 2008 இல் அதற்குப் பொலோனா சிறுவர் நூற்கண்காட்சியின் விருது கிடைத்தது. இரண்டு நிறம், ஒரு சட்டகம், ஒரு மாணவர் குழு. 300 அட்டை அடிக்க வேறென்ன வேண்டும்? பதாகைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் பணம் எடுக்கும் கை, அட்டை என்றதும் மட்டும் பையைப் பொத்திக்கொள்வது வறுமையினால் அன்று.

'இளைஞருக்கு இதில் வருமானம் ஏது?' என்பது பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்வி. இந்த ஒன்றை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புலம்பெயர்ந்த ஈழத்தவர் எழுதும் நூல்கள் பல சென்னையில் அச்சாகின்றன. அட்டையும் அங்கேயே ஆகிறது. நெடுந்தீவைப் பற்றி ரொறன்ரோவில் எழுதப்பட்ட நூலுக்கு நெடுந்தீவைக் காணாதவர் அட்டை செய்கிறார். அந்த வேலையை இங்கிருந்து செய்யலாம்; கப்பலும் விசாவும் அதற்கு வேண்டியதில்லை. கேட்பவருக்குக் காட்ட நாலு நல்ல அட்டைகள் வேண்டும், அவ்வளவே.

'செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் செய்யும்போது பிள்ளைகளை ஏன் வருத்துவது?' என்பது எல்லோருடைய கேள்வியுமாகிவிட்டது. கருவியைத் தடை செய்யும்படி நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது. ஆனால் நான் மேலே சொன்ன அந்தத் தொகுதியின் பனையை நினைத்துப் பாருங்கள். எழுத்தாளர் அதைப் பார்த்தார், அச்சகத்தார் பார்த்தனர், வெளியீட்டுரை நிகழ்த்தியவரும் பார்த்தார். மரம் தவறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பனையைத் தன் கையால் வரைந்து பழகிய ஒரு பிள்ளை அந்த வரிசையில் நின்றிருந்தால் அது அச்சேறியிராது. பொறி வந்தபின் கற்பிப்பது அவசியமற்றதாகவில்லை, முன்னைவிட அவசியமாகிவிட்டது. எங்கள் ஊரின் படம் பெரிய அளவில் இணையத்தில் இல்லை. இல்லாததைப் பொறி தன் விருப்பப்படி இட்டு நிரப்பும். நாமும் அதை அட்டையில் போட்டால், நாளை பிறக்கும் பிள்ளை அதையே தன் ஊர் என்று நம்பும்.

'மல்லிகையே அட்டையில் புகைப்படந்தானே போட்டது?' என்று என்னை மடக்குவோரும் உண்டு. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய அந்தச் சஞ்சிகை எழுத்தாளர், கலைஞர் படங்களை அட்டையில் பதித்து அவர்களைக் கௌரவித்தது. மற்றவரைக் கனம் பண்ணியது. தன் நூலின் முன்னட்டையில் தன் படத்தைத் தானே இட்டுக்கொள்வோர் மல்லிகையைச் சாட்சிக்கு அழைக்கலாகாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. பன்னிரண்டு சனிக்கிழமைகள், பதினைந்து பிள்ளைகள், ஒரு மண்டபம். மூன்று வாரம் வாசிப்பு, மூன்று வாரம் வெளியே சென்று வரைதல், இரண்டு வாரம் எழுத்து, இரண்டு வாரம் அச்சகம். கடைசி இரண்டு வாரம் அச்சுக்குப் போகவிருக்கும் உண்மையான நூல் ஒன்று, அதை எழுதியவர் நேரில் அமர்ந்திருக்க. ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர்கள் இன்னும் சிலர் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு அழையுங்கள். பழைய அட்டைகளைக் காட்டுவதற்கு வழியில்லையே என்று சொல்ல முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பு ஈடு செய்ய முடியாதது. தப்பிய நூல்களையும் எங்கள் பாடசாலை நூலகங்கள் 'பைண்ட்' செய்வித்தபோது ஓவிய அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுக் காலிக்கோத் துணி ஒட்டின. ஆயினும் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. பலவற்றில் அட்டையும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பாடநூல் அது. ஒரு சனிக்கிழமை முழுவதும் 1970களின் அட்டைகளை மட்டும் திரையில் ஓடவிட்டு, இந்த ஓவியர் இந்த இரண்டு நிறத்தை ஏன் எடுத்தார் என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வார்கள்.

நிறுவனங்கள் தீர்மானம் நிறைவேற்றும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்வாண்டு நூல் வெளியிடவிருக்கும் எழுத்தாளர் எவரேனும் இதனை வாசித்தால் அவரிடம் மூன்று காரியம் வேண்டுகிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கையெழுத்துப் பிரதியை வரையத் தெரிந்த ஓர் இளைஞனிடமோ யுவதியிடமோ கொடுங்கள். அவர் வாசித்துவிட்டு வந்து சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் கதையைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்றை அவர் சொல்லக்கூடும். பேசிய தொகையை விழாவுக்கு முன்பே கொடுத்து, அவர் பெயரை விபரப் பக்கத்தில் அச்சிடுங்கள். நன்றியுரையில் அந்தப் பெயரையும் வாசித்தால் நல்லது. வாசிக்க மறந்தாலும் குறையில்லை, அச்சில் இருக்கும்.